சம்பவத்துக்கு மறுநாள்

கதை எழுதுகிறவன் எப்போதும் சம்பவத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான். குண்டு விழுந்தது, படகு கவிழ்ந்தது, ஊர் எரிந்தது என்றால் அவனுக்குப் பேனா ஓடும். மறுநாள் காலையில் அந்த வீட்டில் உலை வைத்தார்களா, ராத்திரி யார் கண் மூடினார்கள், யார் விழித்திருந்தார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அலுப்பான விஷயங்கள். நானும் நாவல் எழுதுகிறவன்தான். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டென்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எளாவூரில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒருவர் வந்தார். கும்மிடிப்பூண்டி முகாமில் குடியிருப்பவர். 2021-ல் அரசாங்கம் இந்த இடங்களுக்கெல்லாம் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று புதுப் பெயர் வைத்தது. ஜனங்கள் வாயில் இன்னும் ‘கேம்ப்’தான். அங்கே இருக்கும் ஆண்களில் பலருக்கும் பெயிண்டிங் வேலைதான் ஜீவனம். இவர் வேலையில் சுத்தம். ஆனால் ஏணியை வாசல் கண்ணில் படுகிற மாதிரிதான் போடுவார். யாராவது கதவைச் சாத்தினால் பிரஷை வைத்துவிட்டு இறங்கி வந்து திறந்து வைப்பார். மத்தியானம் ஒன்றேகாலுக்கு வீட்டிலிருந்து போன் வரும். “சாப்பிட்டிட்டீங்களோ?” “ஓம், சாப்பிட்டன்.” அவ்வளவுதான் பேச்சு. தினமும் அதே நேரம், அதே கேள்வி, அதே பதில். சாப்பாட்டைப் பற்றிய விசாரணை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் ஊருக்கு வெளிச்சம் தெரியும்; காற்று வாட்டமாக இருந்தால் சற்றுப் பொறுத்து முழக்கமும் வரும். அவர் வேலைக்கு வந்த நாட்களில் ஒன்றில் அப்படி வந்தது. நாங்கள் வேடிக்கை பார்க்க மாடிக்கு ஓடினோம். இறங்கி வந்தபோது அவர் மாடிப்படிக்கு அடியில் குந்தி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல், “அங்கே என்னதான் நடந்தது? விவரமாகச் சொல்லுங்களேன்” என்று கேட்டேன். “விடுங்கோ ஐயா” என்றார். விடாமல் இன்னொரு தரம் கேட்டேன். என் மனசில் ஒரு சிறுகதை தயாராகிக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை. அவர் பிரஷைக் கழுவி வைத்துவிட்டுப் போனவர் இரண்டு நாள் வரவில்லை.

பிறகுதான் இந்த விஷயம் பற்றிச் சிலவற்றைத் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் உளவியல் முதலுதவி பற்றி ஒரு சிறு கையேடு வெளியிட்டிருக்கிறது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்காதே, சொல்ல வந்தால் கேள், சும்மா பக்கத்தில் இருப்பதும் உதவிதான் என்று அதில் இருக்கிறது. நான் செய்தது அத்தனையும் அதற்கு நேர் விரோதம்.

இந்த நோய்க்குப் பெயர்கள் பல. முதல் உலக யுத்தத்தில் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் 1915-ல் ‘ஷெல் ஷாக்’ என்று எழுதினார். இன்றுள்ள ஆங்கிலப் பெயரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல்தான் தன் கையேட்டில் சேர்த்தது. யாழ்ப்பாணத்து டாக்டர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்ற தலைப்பிலேயே தமிழில் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல சொல். வடு என்றால் புண் ஆறிய இடம் என்றும் அர்த்தம், ஆறாமல் உறுத்துகிற இடம் என்றும் அர்த்தம். அவர் தம் மக்களுக்குச் சொன்ன வழிகளில் மூச்சுப் பயிற்சியும், சாந்தி ஆசனமும், அவரவர் மதத்தில் பழகிய ஜபமும் உண்டு. சைவருக்கு மந்திரம், கிறிஸ்தவருக்கு ஜபமாலை, முஸ்லிமுக்கு திக்ரு. பாட்டி வைத்தியம் என்று கேலி செய்ய எனக்குத் தைரியமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்க்க வேண்டியிருந்த ஊரில், வீட்டில் தானே செய்துகொள்ளக்கூடியதைச் சொல்லிக் கொடுத்தார்.

இன்னொரு டாக்டரைப் பற்றியும் சொல்ல ஆசை. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி 1906-ல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். அதே மனிதர் 1917-ல் எடின்பரோவுக்குப் பக்கத்தில் கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் யுத்தத்தில் மனம் ஒடிந்த அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துவிடு, மறந்துவிடு என்று சொல்வது நோயை வளர்க்கும் என்பது அவர் கட்சி. நினைவில் தாங்கக்கூடிய ஒரு மூலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மெள்ளப் பேச வேண்டும் என்றார். எனக்கு அவரிடம் மதிப்பு வருவது வேறு இடத்தில். ஒரு நோயாளியின் நினைவில் அப்படி ஒரு மூலையே கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஆளைப் பட்டாளத்தை விட்டு விலகி, முன்பு கொஞ்சம் நிம்மதி தந்த கிராமத்துக்கே போய் இருக்கச் சொன்னாராம். தோற்றதை எழுதி வைத்த வைத்தியரை நம்பலாம்.

சரி, நாவல்களுக்கு வருகிறேன். வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலவே’ 1925-ல் வந்தது. அதில் செப்டிமஸ் என்று ஒரு யுத்த வீரன். அவன் சிநேகிதன் எவான்ஸ், யுத்தம் முடிவதற்குச் சற்று முன்னால் செத்துப் போகிறான். செப்டிமஸின் மனைவி ரெஸியா தொப்பி செய்கிறவள். விமரிசகர்கள் எல்லோரும் செப்டிமஸின் பிரமைகளைப் பற்றியும், அவன் ஜன்னலிலிருந்து குதித்ததைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்குச் சற்று முன்னால் வரும் இடம். ரெஸியா ஒரு தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் ரிப்பன்களையும் மணிகளையும் எடுத்துப் பொருத்திக் காட்டுகிறான். அவள் தைக்கிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு அவன் பழைய புருஷனாகி விடுகிறான். பெரிய டாக்டர் அளவோடு இருப்பதைப் பற்றிச் சொல்லும் உபதேசம் அத்தனையும் செய்ய முடியாததை ஒரு தொப்பி செய்கிறது. ஆனால் வுல்ஃப் ரெஸியாவுக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை. மாடிப்படியில் இன்னொரு டாக்டர் ஏறி வருகிறார்.

தமிழில் என்ன இருக்கிறது? சயந்தனின் நாவலுக்கு ‘ஆறாவடு’ என்றே பெயர். ஷோபாசக்தியின் ‘ம்’ 2004-ல் வந்தது. 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் தப்பியவன், ஐரோப்பாவில் குடும்பஸ்தனான பிறகு தன் வீட்டுக்குள் என்ன ஆகிறான் என்பதை இரக்கமில்லாமல் சொல்கிறது. கதை கேட்கிறவன் போடுகிற ‘ம்’ அது என்று எனக்குப் படுகிறது. எல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிற நம்மையும் அது குத்துகிறது. சக்தி வாய்ந்த நாவல், சந்தேகமில்லை. ஆனால் இவை இரண்டும் காயத்தைக் காட்டுகிற புஸ்தகங்கள். கட்டுப் போடுகிற கையைக் காட்டுவது இவற்றின் நோக்கமல்ல.

அந்தக் கையை நான் கண்டது, இங்கிலீஷில் எழுதும் இலங்கைத் தமிழரான அனுக் அருட்பிரகாசத்திடம். 2016-ல் வந்த அவருடைய முதல் நாவல், 2009 யுத்தத்தின் கடைசி நாட்களில் ஷெல்லடிக்கு நடுவே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நடக்கிறது. தினேஷ் என்ற பையனுக்கு அவசரக் கல்யாணம். மனைவி சமைத்துக் கொடுக்கிற சோற்றை அவன் மெதுவாகச் சாப்பிடுகிறான். கிணற்றடிக்குப் போய்க் குளிக்கிறான். முடியை வெட்டுகிறான், நகத்தை வெட்டுகிறான். பக்கம் பக்கமாக இதுதான். ஒரு நண்பர், “குளிப்பதற்கு இத்தனை பக்கமா?” என்று கேட்டார். சாவதற்கு எத்தனை பக்கம் கொடுத்தாலும் நாம் கேட்பதில்லையே! சொந்த உடம்பைத் தன்னுடையது என்று மறுபடி எண்ணிப் பார்ப்பதற்கு அந்தப் பையனுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான் கிடைத்தது.

2021-ல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த அவருடைய இரண்டாவது நாவல் ‘எ பாஸேஜ் நார்த்’. இதில் ராணி என்று ஒரு தாய். மூத்த மகன் சண்டையில் போனான். இளையவன் யுத்தம் முடிவதற்கு முந்திய நாள் போனான். எவான்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், முடியப்போகிற நேரத்துச் சாவுதான் மனசில் தங்கிவிடுகிறது போலும். ராணிக்கு மின் சிகிச்சை நடக்கிறது. இடம் மாறினால் நல்லது என்று, கொழும்பில் கிருஷன் வீட்டில் அவனுடைய அப்பம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். கிழவிக்கோ பேச ஆள் வேண்டும். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சில நாளில் தெரியாமல் போய்விடுகிறது. நோயாளிக்கு உதவி செய்வதாக நினைத்து நாம் அவர்களை உட்கார வைத்துவிடுகிறோம். இங்கே அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, அவளை எதிர்பார்த்து ஒரு கிழவி விழித்திருக்கிறாள். இதை ஆசிரியர் உபதேசமாக்காமல் எழுதியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. வாக்கியங்கள் நீளம், மூச்சு வாங்கும். கிருஷன் எதைப் பார்த்தாலும் தத்துவம் பண்ணுகிறான். டெல்லியில் அவனுடைய காதல் விவகாரம் வரும்போதெல்லாம் நான் ராணி எங்கே என்று பக்கங்களைப் புரட்டினேன். அவள் மனசுக்குள் நாவல் நுழைவதில்லை என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். “விடுங்கோ ஐயா” என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்த எழுத்தாளர் அவர்.

என் மனத்தாங்கல் வேறு. ராணி, மகனின் நினைவு நாளுக்காக ஊருக்குப் போனவள் கிணற்றில் விழுந்து இறந்துபோகிறாள். தவறி விழுந்தாளா, தானே விழுந்தாளா என்பதை ஆசிரியர் நிச்சயப்படுத்தவில்லை, அது சரிதான். ஆனால் அந்தச் செய்தியை டெலிபோனில் சொல்பவள் ராணியின் மகள். சகோதரர் இருவரையும் இழந்தவள், தாயின் ராத்திரிகளுக்கெல்லாம் பக்கத்தில் இருந்தவள். அவளுக்குக் கிடைத்தது ஒரு டெலிபோன் பேச்சும் ஒரு சாவு வீடும்தான். அவள் எப்போது தூங்கினாள், அவளை யார் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள் என்பது நாவலில் இல்லை.

வெள்ளையடிப்பவர் மூன்றாம் நாள் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் கதவைத் திறந்து வைத்தேன். ஒன்றேகாலுக்கு அவர் போன் அடித்தது.