பத்து விநாடிச் சாட்சி

"ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல்தான்." நம் வீடுகளில் நெஞ்சுவலி பற்றிய பேச்சு இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்தக் கட்டம் போட்ட காகிதத்துக்கு இத்தனை அதிகாரம் தகுமா?

ஓரளவு தகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் செய்த ஈசிஜி கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை. கைகளையும் காலையும் உப்புநீரில் அமிழ்த்தி உட்கார வேண்டும். 1924இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இன்று கருவி பைக்குள் அடங்கிவிட்டது. அலைகளுக்கு அவர் வைத்த பெயர்கள் மாறவில்லை. இதயத்தின் சைனஸ் கணுவில் பிறக்கும் மின்தூண்டல் மேலறைகளில் பரவுவது பி அலை. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏவி கணுவில் தூண்டல் சற்றே தயங்கும். மேலறைகள் இரத்தத்தைக் கீழே இறக்கி முடிக்க அந்த அவகாசம் வேண்டும். கீழறைகள் தூண்டப்படுவது க்யூஆர்எஸ், அவை பழைய நிலைக்குத் திரும்புவது டி. காகிதம் விநாடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது, ஆகவே ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. அடுத்தடுத்த க்யூஆர்எஸ்களின் ஆர் முனைகளுக்கு நடுவே நான்கு பெரிய கட்டங்கள் என்றால் 300ஐ நான்கால் வகுக்கலாம்: நிமிடத்துக்கு 75. பள்ளிக்கூடக் கணக்குதான்.

துடிப்பு தடுமாறுகிறதா, தூண்டல் வழியில் எங்கே தடைபடுகிறது என்று சொல்வதில் இந்தக் காகிதத்துக்கு இணை இல்லை. அருகருகே உள்ள லீடுகளில் (இதயத்தை ஒவ்வொரு கோணத்தில் பார்க்கும் பதிவுகளில்) க்யூஆர்எஸ்ஸுக்கும் டி அலைக்கும் இடையிலான எஸ்டி பகுதி மேலெழுந்து நின்றால், இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் மாரடைப்புச் சிகிச்சையைத் தொடங்கலாம். நெஞ்சுவலிக்காரருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி என்ற விதி இதனால்தான்.

கோளாறு நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. ஒயரிங் பார்க்க வந்தவரிடம் குழாயில் அடைப்பு உண்டா என்று விசாரிக்கிறோம். தசை பட்டினி கிடந்தால்தான் மின்கோடு மாறும். தமனி நன்றாகக் குறுகியிருந்தாலும் படுத்திருப்பவரின் ஈசிஜி ஒழுங்காகவே வரக்கூடும். சிலவகை மாரடைப்புகளே முதல் பதிவில் தெரியாமல் போய், இதயத்தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தத்தில் உயர்ந்த பிறகு பிடிபடுகின்றன. இதயத்தின் பின்சுவரை நேராகப் பார்க்க வழக்கமான பன்னிரண்டு லீடுகளில் ஒன்றும் இல்லை. முதுகுப் பக்கம் மின்முனைகளைத் தனியாக ஒட்ட வேண்டும். பதிவாவதோ பத்து விநாடி. ஒரு நாளில் துடிக்கும் லட்சத்துச் சொச்சம் துடிப்பில் பன்னிரண்டு, பதிமூன்று. இரவில் வந்துபோன படபடப்பு அதில் சிக்காது.

காகிதத்தின் மேலே இயந்திரமே அச்சிட்டுத் தரும் முடிவு இன்னொரு தொல்லை. கை நடுங்கினாலே அதைத் தாளக்கேடு என்று எழுதிவிடும். கையின் ஒயர்களை மாற்றி மாட்டினால் முதல் லீடு தலைகீழாக விழும். அவசரத்தில் அதுவும் ஒரு நோயாகிவிடும். இதையெல்லாம் கண்டுபிடிக்க, படிக்கிறவர் அந்த வரியை மறைத்துக்கொண்டு அலைகளைத் தாமே எண்ண வேண்டும். பழைய ஈசிஜி பக்கத்தில் இருந்தால் எளிது: இந்தக் கோணல் புதிதா, பத்து வருடமாக இருப்பதா என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அது வெப்பத்தாள். பீரோவில் பத்திரமாக வைத்த ஃபைலைத் திறந்தால், பெயரும் தேதியும் பேனாவில் எழுதியபடி இருக்கும். அலைகள் மங்கிப் போயிருக்கும்.