சிரிப்பு யார்மீது?

நகைச்சுவை நாடகம்தானே, எவரும் நடிக்கலாம் என்று எண்ணுவோர் நம் ஊர் மன்றங்களிலே பலர். அழ வைக்கத்தான் பயிற்சி வேண்டுமாம். சிரிக்க வைக்க முகத்தைக் கோணலாக்கிக் கொண்டால் போதுமாம்! சோக நாடகத்துக்கு ஒரு திங்கள் ஒத்திகை நடக்கும். நகைச்சுவைக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலே பெரிது. பம்மல் சம்பந்தனாரின் 'சபாபதி'யைத் தொட்டுப் பார்த்தோர்க்குத் தெரியும், இந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பது.

சம்பந்தனார் முதலியோர் சென்னையில் 1891-ஆம் ஆண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினர். நடிகனைக் 'கூத்தாடி' என்று இகழ்ந்த காலம் அது. அந்தக் காலத்தில், படித்தவரும் பதவியில் இருந்தவரும் ஊதியம் கருதாது அரிதாரம் பூசினர். வழக்கறிஞராய் இருந்து நீதிபதியானவர் சம்பந்தனார். மேடைக்கு மதிப்புத் தேடித் தந்த தொண்டு அது, மறுப்பார் இல்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. வேலையாள் வேடம் பூணும் வழக்கறிஞர், அந்த நடையையும் குழைவையும் எவரிடம் கற்றிருப்பார்? தம் இல்லத்து வேலையாளிடம்தானே! ஆசான் அடுக்களைப் புறத்திலே, மாணாக்கர் மேடையிலே!

'சபாபதி'யின் சுவை முழுதும் ஒரு பெயரிலே அடங்கிக் கிடக்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் சபாபதி. அவனுக்குக் குற்றேவல் புரிபவனும் சபாபதி. மந்த புத்தி இருவருக்கும் பொது. பள்ளிக்கூடம் மட்டும் ஒருவனுக்கே. எசமான் ஆணையிடுகிறான். ஆள், ஆணையின் பொருளை விட்டுச் சொல்லைப் பற்றிக் கொள்கிறான். ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன் எசமானாகவே இருக்கிறான்; சொன்னதைச் சொன்னபடி செய்தவனுக்கோ மூடன் என்ற பட்டம்! 1941-இல் வெளிவந்த திரைப்படத்தில் டி. ஆர். இராமச்சந்திரன் எசமானாகவும், காளி என். இரத்தினம் வேலையாளாகவும் நடித்தனர். இரத்தினத்தின் முகத்தை நினைவுகூருங்கள். கடமையைச் செய்கிறோம் என்ற நம்பிக்கை அந்த முகத்திலே குடியிருக்கும்.

அண்மையில் எங்கள் பகுதி இளைஞர் மன்றத்தார் இந்நாடகத்தின் சில காட்சிகளை நடித்துக் காட்டினர். வேலையாளாக வந்த தோழர் முதற் காட்சியில் கண்ணை உருட்டினார், நாக்கை நீட்டினார், வேண்டுமென்றே இடறி விழுந்தார். முன்வரிசை நாற்காலிகளிலே சிரிப்பு. பின்னே பாயில் அமர்ந்திருந்தோரிடம் அவ்வளவாக இல்லை. இருக்காது. கூலி வேலை பார்ப்பவனை 'இவன் இப்படித்தான்' என்று மேடை சொல்லும்போது, கூலி வேலை பார்ப்பவன் எதைக் கண்டு சிரிப்பான்? இன்னொரு குறையும் உண்டு. சிரிப்பொலி அடங்குமுன் அடுத்த பேச்சைத் தொடங்கியதால் நல்ல வசனங்கள் பல காதிலே விழாமற் போயின.

மூன்றாம் காட்சியிலே சேட்டைகளை அவர் எப்படியோ மறந்துவிட்டார். கேட்டது ஒன்று, கொண்டுவந்தது வேறு. கொண்டுவந்ததைப் பணிவோடு நீட்டி, அடுத்த ஆணைக்காகப் பேசாமல் நின்றார், அவ்வளவே. பந்தல் அதிர்ந்தது! பாயிலிருந்தோர் கைதட்டினர். அந்தக் கணத்திலே எல்லோர் பார்வையும் எசமான்மீது. அவனுடைய அறியாமையும் அதிகாரமும் ஒருங்கே அம்பலமாயின. நாடகத்தின் ஒரு சொல்லும் மாறவில்லை, நடிப்பு மாறிற்று. கேலியின் முனை, தாழ்ந்தவனை விட்டு உயர்ந்தவன் பக்கம் திரும்பிற்று.

இது புதுமையுமன்று. தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசனுக்குக் கட்டியம் கூறுபவன். அந்த அரசனையே கிண்டல் செய்யும் உரிமையும் அவனுக்கு உண்டு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபத்தில் எவரை நகைத்தார்? கல்வி நாடிய கிந்தனையா? அவனைத் தடுத்த சாதிச் செருக்கையல்லவா! 1949-இல் அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்தில் இந்தக் காலட்சேபம் இடம்பெற்றது. இவ்வளவு வழிகாட்டுதல் இருந்தும், நம் மன்றத்தார் திக்குவாயையும் மாறுகண்ணையும் இரவல் வாங்கிச் சிரிப்பு மூட்டுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மன்றத்தார் மீண்டும் இந்நாடகத்தை நடிக்க இருப்பதாகக் கேள்வி. ஒத்திகையில் ஒரு நாள், இரு சபாபதிகளும் வேடம் மாற்றிப் பேசிப் பார்க்கட்டும். பெயரை மாற்றும் தொல்லை இல்லை. ஒருவர் தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்க வேண்டும்; மற்றவர் இடுப்பில் கட்டியதை அவிழ்த்துத் தோளிலே போட்டுக் கொள்ள வேண்டும்.