குற்ற வாக்குமூலப் புனைவுகளில் வறுமையும் அறமும் தண்டனையும்

குற்றவாளி தன் கதையைத் தானே கூறும் புனைவுகளில் குரல் அவனுடையது, கேள்வியோ பிறருடையது. கேட்பவர் எதை அறிய விரும்புகிறாரோ அதுவே குற்றத்தின் காரணமாகப் பதிவாகிறது. தொடக்ககால ஆங்கில நாவல்கள் இரண்டைக் கொண்டு இக்கருத்தை ஈண்டு ஆராய்கிறோம்.

டேனியல் டெஃபோவின் ‘மால் ஃபிளாண்டர்ஸ்’ 1722இல் வெளிவந்தது. கணவனை இழந்து வறுமையுற்ற நாயகி, மருந்துக்கடையொன்றில் கிடந்த மூட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். முதல் திருட்டுக்கு வறுமையைக் காரணமாகக் கூற அவளுக்கு இடமுண்டு. தேவை தீர்ந்த பின்னும் திருட்டுத் தொடர்ந்ததை அவளே ஒப்புக்கொள்கிறாள். நியூகேட் சிறையில் மரண தண்டனை பெற்று மனம் வருந்தியவள், தண்டனை குறைக்கப்பட்டு வர்ஜீனியாவுக்கு நாடுகடத்தப்படுகிறாள். அங்கே செல்வமும் அடைகிறாள். வென்றது அறமா, பொருளா என்னும் ஐயத்தை டெஃபோ தீர்த்து வைக்கவில்லை. அதுவே நாவலின் வலிமை எனலாம்.

நிஜாம் அரசில் பணியாற்றிய ஃபிலிப் மெடோஸ் டெய்லர் 1839இல் வெளியிட்ட ‘ஒரு தக்கனின் வாக்குமூலம்’ இதனின்றும் வேறுபடுகிறது. அப்ரூவராக மாறிய அமீர் அலி, ‘சாகிப்’ ஒருவரிடம் தன் கொலைகளைப் பெருமிதத்தோடு விவரிக்கிறான். அறியாமல் தன் தங்கையையே கொன்றதை உணரும்போதுதான் பெரிதும் கலங்குகிறான். பவானி வழிபாடு, கூட்டத்தின் மரபு, விதி ஆகியனவே இங்குக் காரணங்கள். பசிக்கு அவற்றிடையே இடமில்லை. 1836ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம், தக்கர் கூட்டத்தைச் சேர்ந்திருந்ததையே ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக்கியது என்பது நோக்கத்தக்கது. சேர்ந்திருப்பதே குற்றமாயின், செய்ததன் காரணத்தை வினவத் தேவை எழுவதில்லை. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்நோக்கைப் பிறப்புவரை நீட்டியது. பிற்காலத்தில் மதுரை வட்டாரப் பிரமலைக் கள்ளரும் அதன் பிடியில் அகப்பட்டனர்.

பேராக்கின் சுங்காய் போன்ற தோட்டப்புறங்களின் வழிவந்த வாசகர்க்கு இவ்வாய்வு அயலானதன்று. 1910இல் ஒப்பந்தமுறை ஆள்சேர்ப்பு நிறுத்தப்படும் முன்னர், ஒப்பந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடிய கூலி சிறைக்குரிய குற்றவாளியாகக் கருதப்பட்டான். அவன் ஏன் ஓடினான் என்பதைவிட, ஓடினானா என்பதே வழக்கு.

மணிமேகலையோ பசித்தோர்க்கு உணவளித்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். குற்றத்தை ஆராயுமுன் பசியைக் கண்ட அம்மரபு நமக்குண்டு. ஆகவே வாக்குமூலத்தை வாசிக்கும்போது சொன்னவனை மட்டுமன்றி, அதைக் கேட்டு எழுதியவனையும் நாம் விசாரணைக்கு உட்படுத்த வேண்டும்.