சிறுவர் இலக்கியத்தில் விகுதி கற்பிக்கும் பாடம்

சிறுவர் நூல்களை மதிப்பிடும்போது நாம் பெரும்பாலும் கதையின் கருத்தையே நோக்குகிறோம். அதைச் சொல்லும் மொழியை நோக்குவதில்லை. ஆண், பெண் பற்றிய எண்ணத்தைக் குழந்தை உள்ளத்தில் ஊன்றுவதில் மொழிக்கும் பெரும் பங்குண்டு.

தமிழ்ச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்த நூல் ஔவையாரின் ஆத்திசூடி. பெண்பாற் புலவர் இயற்றிய அந்நூலிலேயே, பெண்ணின் சொல்லைக் கேளாதே என்னும் பொருளில் ஓர் அடி உண்டு. உரைகாரர் அதனை மனைவியின் சொல் எனச் சுருக்குவர். உணவைக் குறைத்துக்கொள்ளுதல் பெண்ணுக்கு அழகு என்கிறது கொன்றைவேந்தன். பாரதியாரோ புதிய ஆத்திசூடியில் பெண்ணை உயர்த்தும்படி பணித்தார். வெளிப்படையான போதனையை இவ்வாறு வெளிப்படையாகவே மறுக்கலாம். விகுதியில் மறைந்து நிற்கும் போதனையை மறுப்பது அரிது.

'அப்பா வந்தார், அம்மா வந்தாள். தாத்தா சொன்னார், பாட்டி சொன்னாள்.' சிறுவர் நூல்களில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் வழக்கு இது. காக்கையும் நரியும் வரும் கதையில், தம் உழைப்பால் பிழைக்கும் பாட்டியும் வடை 'சுட்டாள்' என்றே சொல்லப்படுகிறார். மரியாதை யாருக்கு உரியது என்பதைக் குழந்தை எழுத்துக்கூட்டும்போதே கற்றுக்கொள்கிறது.

இது அன்பின் நெருக்கத்தைக் காட்டும் வழக்கு என்பர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் நெருக்கமே காரணமெனில், அன்புள்ள தந்தையை 'வந்தான்' என்று எழுத நம் கை கூசுவதேன்?

தீர்வும் நம் மொழியிலேயே உண்டு. மகவு, குழவி என்னும் சொற்கள் உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் என்பது தொல்காப்பியம். 'குழந்தை சிரித்தது' என்று இன்றும் ஆண், பெண் வேறுபாடின்றியே சொல்கிறோம். ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறுதல் வழக்கினால் வந்தது என்றும் அந்நூல் உரைக்கிறது. அப்பன்மை விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. வழக்கினால் வந்த மரியாதையை வழக்கினாலேயே விரிவாக்கலாம்; இலக்கணம் தடையன்று.

விகுதி மாறினால் வாழ்வே மாறிவிடும் என்று நாம் கருதவில்லை. அடுப்படியில் மட்டுமே காட்டப்படும் அம்மா, 'சமைத்தார்' என்றாலும் அடுப்படியிலேயே நிற்பார். ஆகவே கதைமாந்தர் செய்யும் தொழிலையும் உடன் ஆராய வேண்டும். எனினும் நாமும் பல்லாண்டுகள் இவ்வழக்கிலேயே கதை சொன்னவர்கள். நம்முன் அமர்ந்திருந்த சிறுமியர், நாம் சொல்லாத ஒரு பாடத்தையும் கேட்டுச் சென்றிருப்பர். இனிக் கதை சொல்லுமுன் நம் வினைமுற்றுகளை நாமே ஒருமுறை செவிமடுப்போமாக.