கொதித்த நீரும் கரைந்த உப்பும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியை முன்வைத்துத் தொடக்கநிலை அறிவியல் ஆசிரியர் பயிற்சி – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கவிருக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பட்டயப் பயிற்சியில் 'உள்ளூர்ச் சூழல்' என்னும் தொடர் தவறாது இடம்பெறுகிறது. எனினும் அது பாடத்திற்கு எடுத்துக்காட்டுத் தரும் துணைப்பொருள் என்ற அளவிலேயே கையாளப்படுகிறது. சில இடங்களில் உள்ளூர்ச் சூழல் எடுத்துக்காட்டை மட்டுமன்றிப் பாடத்தின் விடையையே மாற்றிவிடும் என்பதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நிலத்தடி நீர், தென்பெண்ணையாற்று நுரை, எல்லைப்பகுதியின் பன்மொழிச் சூழல் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கக் கல்வி, ஆசிரியர் பயிற்சி, அறிவியல் கல்வி, ஃபுளூரைடு, எல்லைப்பகுதி, பன்மொழி வகுப்பறை.

முன்னுரை

தருமபுரியிலிருந்து 2004ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம், கர்நாடக, ஆந்திர எல்லைகளைத் தொட்டு நிற்பது. வாகனம், கைக்கடிகாரம், மின்னணுப் பொருள்கள் எனத் தொழிற்சாலைகள் பெருகிய ஓசூர் ஒருபுறம். கேழ்வரகும் மாவும் விளையும் சிற்றூர்கள் மறுபுறம். தளி, அஞ்செட்டிப் பகுதிகளின் காட்டோரக் குடியிருப்புகள் இன்னொருபுறம். இம்மூன்று சூழல்களுக்கும் பொதுவாக ஒரே பாடநூலும் ஒரே பயிற்சிமுறையும் உள்ளன. இத்தகைய நிலப்பகுதியில் அறிவியல் கற்பிக்க ஒருவர் எவ்வாறு ஆயத்தப்படுத்தப்படுகிறார் என்பது ஆராயத்தக்கது.

பயிற்சியின் அமைப்பும் அதன் அளவுகோலும்

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் வழியே மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. மேல்நிலைக் கல்வி முடித்தோர் ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் சேர்கின்றனர். அறிவியல் பிரிவில் பயின்றோர் மட்டுமன்றிப் பிற பிரிவினரும் இவர்களுள் அடங்குவர். அத்தகையோர்க்கு அறிவியலோடு இருந்த முறையான தொடர்பு பத்தாம் வகுப்போடு முடிந்திருக்கும். ஆயினும் பணியேற்றபின் அனைத்துப் பாடங்களையும் அவர்களே கற்பிக்க வேண்டும்.

இப்பயிற்சியில் மாணவ ஆசிரியரின் திறன் பெரும்பாலும் பாடக்குறிப்பேடு, துணைக்கருவி, கற்பித்தல் பயிற்சி வகுப்பு ஆகியவற்றின் வழி மதிப்பிடப்படுகிறது. பயிற்சிக்குப்பின் வரும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 வினாக்கள் உள்ளன; அவற்றுள் சூழ்நிலையியலுக்கு உரியவை 30. அனைத்தும் கொள்குறி வகை வினாக்கள். ஒரு சோதனையைச் செய்துகாட்டுதல், எதிர்பாராத முடிவு வரும்போது அதனை விளக்குதல், குழந்தையின் வினாவை மேலும் ஒரு வினாவாக வளர்த்தல் ஆகிய திறன்களை இத்தேர்வுமுறை அளப்பதில்லை. அளக்கப்படாதது பயிற்சியிலும் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படுவது இயல்பே.

அரசின் அண்மைக்கால முயற்சிகளிலும் தொடக்கநிலை அறிவியல் பின்னிடத்தையே பெறுகிறது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அடிப்படை மொழித்திறனையும் கணக்கையும் முதன்மைப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' சோதனைவழி அறிவியலைப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றது; ஆனால் அது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. இரண்டும் தத்தம் அளவில் தேவையானவை. எனினும் 3 முதல் 5 வரையிலான வகுப்புகளின் அறிவியல், இவ்விரண்டிற்கும் இடையில் முழுவதும் ஆசிரியரின் சொந்த ஆயத்தத்தையே நம்பி நிற்கிறது.

கொதிக்க வைத்த நீர்: ஒரு பாடம், இரு விடைகள்

'நீரைக் கொதிக்க வைத்துப் பருக வேண்டும்' என்பது தொடக்கநிலைப் பாடங்களில் நெடுங்காலமாக வழங்கும் நல்வாழ்வு அறிவுரை. நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரியானது. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று ஃபுளூரைடு. கடும்பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து அது நீரில் கரைகிறது. குடிநீரில் அதன் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை விஞ்சக்கூடாது என்பது உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டு மதிப்பு. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃபுளூரோசிஸ் பாதிப்பைத் தணிப்பதையே தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஆற்றுநீர் வந்த பின்னரும் ஆழ்துளைக் கிணற்று நீரின் பயன்பாடு முற்றும் மறைந்துவிடவில்லை.

கொதிக்க வைப்பதால் ஃபுளூரைடு நீங்காது. நீர் ஆவியாகி அளவில் குறைய, கரைந்திருப்பது அப்படியே எஞ்சுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் இளம்பருவத்தில் மிகுதியான ஃபுளூரைடு சேர்வதே பற்களில் கறை தோன்றக் காரணம். அப்பருவத்தின் பிற்பகுதி தொடக்கப் பள்ளியின் முதல் ஆண்டுகளோடு ஒன்றிப்போகிறது. எனவே 'கொதிக்க வைத்த நீர் பாதுகாப்பானது' என்ற பொதுவிதியை வரையறையின்றிக் கற்பிக்கும் ஆசிரியர், இப்பகுதிக் குழந்தைக்கு அரைகுறை உண்மையையே வழங்குகிறார்.

இங்குக் குறைபாடு ஆசிரியரின் அக்கறையில் இல்லை. கரைசலை ஆவியாக்கினால் உப்பு எஞ்சும் என்பதை அவர் 'கலவைகளைப் பிரித்தல்' என்னும் பாடத்தில் அறிந்திருக்கிறார். கொதிக்க வைத்தலை 'உடல்நலம்' என்னும் பாடத்தில் அறிந்திருக்கிறார். ஒரு பாடவேளைக்கு ஒரு பாடக்குறிப்பு என்ற அமைப்பு இவ்விரண்டையும் ஒன்றோடொன்று சந்திக்கவிடுவதில்லை. பாடப்பொருளறிவு, கற்பித்தல்முறை அறிவு என்னும் இரண்டும் தனித்தனியே நின்றால் போதாது, குறிப்பிட்ட பொருளைக் குறிப்பிட்ட மாணவர்க்குக் கற்பிப்பதற்கென்றே ஓர் அறிவு உண்டு என 1986இல் லீ ஷுல்மன் முன்வைத்த கருத்து இங்குப் பொருந்துகிறது. அவ்வறிவில் மாணவர் பருகும் நீரும் அடங்கும்.

இதனைச் சந்திக்க வைக்கும் சோதனை எளியது. உப்பு கரைத்த நீரைப் பாதியளவாகும்வரை கொதிக்க வைத்து ஆறியபின் சுவைத்தால் உவர்ப்பு மிகுந்திருக்கும். மூடியில் திரண்ட துளிகளில் உவர்ப்பு இராது. சத்துணவுக் கூடத்து அடுப்பும் இரு பாத்திரங்களும் போதும். ஆயினும் இச்சோதனையின் எல்லையையும் பயிற்சி கற்பிக்க வேண்டும். கரைந்த பொருள் கொதித்தலால் நீங்காது என்ற நெறியை மட்டுமே இது காட்டுகிறது; ஊரின் நீரில் ஃபுளூரைடு உள்ளதா என்பதைக் காட்டுவதில்லை. நிறம், மணம், சுவை எவற்றாலும் அதனை அறிய இயலாது. நீரை வேதியியல் முறையில் பரிசோதித்தே அறிய வேண்டும். புலன்களால் அறியக்கூடியதற்கும் கருவியால் மட்டுமே அறியக்கூடியதற்கும் இடையிலான இவ்வேறுபாடு தொடக்கநிலை அறிவியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக வைக்கத்தக்கது.

நுரையும் சொல்லும்

நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருப் பகுதியின் கழிவுகளையும் ஏற்று ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகுகளிலிருந்து நீர் விழும்போது வெண்ணுரை பொங்கும் காட்சி பல ஆண்டுகளாகச் செய்திகளில் இடம்பெறுவது. சலவைப் பொருள்கள் போன்றவை நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. விழும் நீரில் காற்று சிக்கி நுரை நிலைக்கிறது. சோப்பு நீரைக் குலுக்கிப் பார்க்கும் குழந்தைக்கு எட்டக்கூடிய விளக்கமே இது. இருப்பினும் 'நீர் மாசுபாடு' பாடத்திற்கு மாணவ ஆசிரியர் ஆயத்தப்படுத்தும் துணைக்கருவி பெரும்பாலும் எங்கும் பொருந்தும் ஒரு வரைபடமாகவே அமைந்துவிடுகிறது. வரைபடம் மதிப்பெண் பெறுகிறது; ஆறு வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

மொழியும் இங்குக் கருதத்தக்கது. இவ்வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் பல. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்திற்குப்பின் பிறமொழிக் குழந்தைகளும் தமிழை ஒரு பாடமாகக் கற்கின்றனர். தமிழ்வழி வகுப்பில் அறிவியலைத் தமிழில் பயிலும் பிறமொழிக் குழந்தைகளும் உள்ளனர். இம்மொழிச் சூழல் பயிற்சியில் பொதுவாக ஓர் இடர்ப்பாடாகவே பேசப்படுகிறது. ஆனால் தமிழின் 'நுரை' கன்னடத்தில் 'நொரெ', தெலுங்கில் 'நுருகு'. 'ஆவி' கன்னடத்திலும் 'ஆவி'யே, தெலுங்கில் 'ஆவிரி'. 'உப்பு' மூன்றிலும் ஒன்றே. பேச்சுத் தமிழின் 'தண்ணி'யைவிடப் பாடநூலின் 'நீர்' அக்குழந்தைகளின் 'நீரு'வுக்கு நெருக்கமானது. கலைச்சொல்லின் கடுமை என்று கருதப்படுவது இங்குப் பாலமாகக்கூடும். உருது, இந்தி, ஒடியா பேசும் குழந்தைகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவர்களுக்குப் பொருளைக் காட்டிச் சொல்லைத் தரும் சோதனைவழியே துணை. எந்த வகுப்பில் எவ்வழி என்று தேர்ந்துகொள்ளும் திறன் பயிற்சியில் பெறவேண்டிய ஒன்று.

ஒரு மறுப்பும் விடையும்

பட்டயம் மாநிலம் முழுமைக்கும் உரியது. கிருஷ்ணகிரியில் பயின்றவர் இராமநாதபுரத்தில் பணியேற்கக்கூடும். எனவே மாவட்டத்திற்கொரு பாடத்திட்டம் பொருந்தாது என்ற மறுப்பு எழலாம். இது புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் இங்கு வேண்டப்படுவது மாவட்டச் செய்திகளின் தொகுப்பு அன்று; பாடநூலின் பொதுக்கூற்றை இடத்தோடு வைத்துச் சோதிக்கும் பழக்கம். இராமநாதபுரத்தில் ஃபுளூரைடின் இடத்தில் உவர்ப்பு நிற்கும், சோதனை அதுவே.

இப்பழக்கத்தை ஆசிரியர்க்கு ஊட்ட இயலும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் முன்சான்று. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டத்தில், மாணவர் செய்யவேண்டிய சோதனைகளை ஆசிரியர்களே பயிற்சி முகாம்களில் முதலில் செய்து, விவாதித்து, ஐயுற்றுத் தெளிந்தனர். 2002இல் மாநில அரசு அதனை நிறுத்தியது. நல்ல பயிற்சிமுறையும் நிருவாக ஆதரவின்றி நிலைக்காது என்பதும் அதன் வரலாறு தரும் பாடமே.

முடிவுரை

பட்டயப் பயிற்சியில் பெருஞ்செலவின்றி இரு மாற்றங்கள் செய்ய இயலும். ஒன்று, ஒவ்வொரு மாணவ ஆசிரியரும் தாம் கற்பித்தல் பயிற்சி பெறும் பள்ளியின் குடிநீர் எங்கிருந்து வருகிறது என அறிந்து, அதன் மாதிரியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்து, முடிவைப் பாடநூலின் நீர்ப் பாடத்தோடு ஒப்பிட்டு எழுதுதல். மற்றொன்று, துணைக்கருவிக்கு வழங்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியைச் சோதனையைச் செய்துகாட்டி வினாக்களை எதிர்கொள்வதற்கு ஒதுக்குதல்.

உள்ளூர்ச் சூழலைப் பாடத்தில் சேர்ப்பதென்பது ஆப்பிளை நீக்கி மாம்பழத்தை வைப்பதோடு முடிந்துவிடுவதன்று. பாடநூலின் கூற்று இவ்வூரில் எந்த அளவுக்கு உண்மை என்று கேட்பதே அதன் முதற்படி. அவ்வினாவைக் கேட்கப் பழகாத ஆசிரியரிடம் பயிலும் கிருஷ்ணகிரிக் குழந்தை, நீரைக் கொதிக்க வைத்துப் பருகியும் தன் பற்களில் கறை படிவது ஏன் என்பதை அறியாமலே தொடக்கப் பள்ளியைக் கடந்துவிடும்.