செர்வீனோவில் மான் இல்லை

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாக நிற்கும் 4,478 மீட்டர் உயர மலைக்கு வடக்கே மாட்டர்ஹார்ன் என்று பெயர், தெற்கே செர்வீனோ. முதல் பெயரில் வழக்கில்லை. 'மாட்ட' புல்வெளி, 'ஹார்ன்' கொம்பு. அடிவாரத்து ஸெர்மாட் ஊரின் பெயரிலும் இருப்பது அதே புல்வெளிதான். சிக்கலெல்லாம் செர்வீனோவில்.

லத்தீனில் மானைக் குறிக்கும் 'செர்வுஸ்' என்பதிலிருந்து வந்ததாகப் பலர் சொல்கிறார்கள். கொம்பு போன்ற சிகரம், மறுபக்கத்தில் 'ஹார்ன்' என்ற பெயர். கேட்க அழகான பொருத்தம். ஆனால் 16ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இங்கே காணப்படும் பெயர் 'மோன்ஸ் சில்வியுஸ்'. பழைய வடிவத்தைக் கண்டுகொள்ளாத சொற்பிறப்பை ஏற்க முடியாது.

ரோமானியத் தளபதி செர்வியுஸ் கால்பாவின் பெயர் என்றொரு கதையும் உண்டு. கி.மு. 57இல் ஆல்ப்ஸ் வழியைத் திறக்க சீசர் அனுப்பிய அவர், இன்றைய மார்த்தினியில் தாக்கப்பட்டு, எதிரிகளை முறியடித்தும் அங்கே தங்காமல் திரும்பிவிட்டார். இதைச் சீசரின் நூலே சொல்கிறது. அது செயின்ட் பெர்னார்ட் கணவாய்க்கான வழி. இந்த மலையோ கிழக்கே வெகு தொலைவில். கதை நிற்காது.

எஞ்சுவது 'சில்வா', காடு. மொட்டைப் பாறையில் காடு ஏது என்பது நியாயமான கேள்வி. விடை சிகரத்தில் இல்லை, பக்கத்துத் தெயோதுல் கணவாயில் இருக்கிறது. அங்கே ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. மனிதர்கள் நெடுங்காலமாகக் கடந்த வழி அது. சிகரத்திலோ 1865 ஜூலை 14 வரை யாரும் கால் வைத்ததில்லை. சில்வியுஸ் என்பது அந்தக் கணவாய்க்கும் வழங்கிய பெயர். இருபுறமும் லார்ச் மரங்கள் அடர்ந்த சரிவுகளைத் தாண்டித்தான் அதற்கு ஏற வேண்டும். வழிக்கு இட்ட பெயர் பின்னர் சிகரத்துக்கும் ஏறியது என்று கொள்வதே பொருத்தம்.

ஒலியும் இதற்கு இடம் தருகிறது. மெய்யெழுத்துக்கு முன் வரும் 'ல்' 'ர்' ஆவது மேற்கு ஆல்ப்ஸ் பேச்சுகளில் பழகிய மாற்றம். முதலெழுத்து 'எஸ்' போய் 'சி' வந்த பழியை, 1792இல் மலையின் உயரத்தை அளந்த சோசூர் மீது சுமத்துவது வழக்கம். எனக்கு இது மிகையாகப் படுகிறது. பிரெஞ்சில் 'செர்வேன்' என்பதை எந்த எழுத்தில் தொடங்கினாலும் ஒலி ஒன்றே. எழுதுகிற எவர் கையிலும் அது மாறியிருக்கலாம். இத்தாலியர் அந்தச் 'சி'யை அழுத்தி உச்சரித்தபோதுதான் மான் காதிலும் விழத் தொடங்கியது.

ஆகவே மானையும் தளபதியையும் தள்ளி, காட்டையே ஏற்கிறேன். சில்வியுஸ் ரோமானியரிடையே ஆட்பெயராகவும் வழங்கியது என்ற எதிர்வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் அந்த ஆட்பெயருக்கும் வேர் 'சில்வா'தான்.