சூப்பு சாப்பிடாத ஏழு பேர்

சென்ற மாதம் ஒரு கார்ட்டூன் படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டியவன், நாலு நாவல் எழுதியவன், குழந்தைகள் படத்தை மூன்று தரம் பார்ப்பதாவது என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வால்ட் டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ 1937 டிசம்பரில் வெளியான படம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. அதில் ஒன்று எனக்குச் சற்றுக் கசப்பாகவே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதையில் இந்தக் குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது. என் நாற்காலியில் உட்கார்ந்தது யார், என் தட்டில் சாப்பிட்டது யார் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். எவன் கேள்வியை எவன் கேட்டாலும் நஷ்டமில்லை. கதை சொல்லும் பாட்டிக்கு அது போதும். எண்பத்து மூன்று நிமிஷம் திரையிலே உலவ வேண்டுமென்றால் போதாது. விநாடிக்கு 24 சட்டம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,20,000 சட்டங்கள் வருகின்றன. கையால் வரைந்து வர்ணம் தீட்டி முடித்த பிறகு, “இவன் சரியில்லையே, வேறு ஆளைப் போடலாமே” என்று யோசித்தால் முதலாளி திவாலாக வேண்டியதுதான்.

அதனால்தான் அவர்கள் கதையை முதலில் பலகையில் குத்தினார்கள். நாலடிக்கு எட்டடிப் பலகை. கட்டத்துக்கு ஒரு சிறு கிறுக்கல் சித்திரம். அதன் கீழே இரண்டு வரி பேச்சு. நாலு மூலைக்கும் ஊசி. 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னியிடம் வேலை பார்த்த வெப் ஸ்மித் என்பவர்தான் இந்த வழக்கத்தை ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். கதைக்காரர் ஒருவர் கையில் கோலோடு பலகையின் முன்னால் நின்று, ஒவ்வொரு படமாகச் சுட்டிக்காட்டி, குரலை மாற்றி நடித்துக் காட்டுவார். மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். யாரும் சிரிக்காவிட்டால் அந்தக் காகிதம் அங்கேயே கழன்று விழும். இந்தப் படத்துக்காக நல்ல வேடிக்கை ஒன்று யோசித்துக் கொடுத்தவருக்கு ஐந்து டாலர் சன்மானமும் உண்டு. அதற்கும் முன்னால், 1934-ல் ஒரு மாலையில், டிஸ்னியே ஊழியர்களை உட்காரவைத்து முழுக் கதையையும் தனி ஒருவராக நடித்துக் காட்டியிருக்கிறார். ராணியும் அவரே, குள்ளனும் அவரே!

சரி, குள்ளர்களுக்கு வருவோம். பல பெயர்களை எழுதிப் பார்த்து, அடித்து, ஏழைத் தேர்ந்தெடுத்தார்கள். சிடுமூஞ்சி கிரம்பி, தூங்குமூஞ்சி ஸ்லீப்பி, தும்மல் ஸ்னீஸி, கூச்சக்காரன் பாஷ்ஃபுல் என்று போகிறது வரிசை. என் நண்பர் ஒருவர், இலக்கியம் தெரிந்தவர், இதையே குற்றமாகச் சொல்கிறார். நெற்றியிலே குணத்தை எழுதி ஒட்டிவிட்டால் அது பாத்திர சிருஷ்டியாகுமா, மருந்துக் கடையில் சீட்டு ஒட்டிய புட்டி மாதிரி அல்லவா என்பது அவர் கட்சி. தும்முகிறவனையும் தூங்குகிறவனையும் பொறுத்தவரை அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவன் தும்முகிறான், ஒருவன் கொட்டாவி விடுகிறான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

கிரம்பியை அப்படித் தள்ள முடியாது. பெண்பிள்ளை வீட்டுக்குள் வந்தால் தொல்லை என்று முணுமுணுப்பவன், காலையில் சுரங்கத்துக்குக் கிளம்பும்போது அந்நியர் யாரையும் உள்ளே விடாதே என்று அவளை எச்சரிக்கிறான். அவள் அவன் தலையில் ஒரு முத்தம் கொடுக்கிறாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நடக்கிறான். நாலு அடி போவதற்குள் நடை தளர்கிறது, முகம் இளகுகிறது, ஒரு பெருமூச்சு. திரும்பிப் பார்க்கிறான். அவள் கவனித்துவிட்டாள் என்று தெரிந்ததும் மறுபடி சுளிப்பு! பேச்சே இல்லாமல் இவ்வளவும் நடக்கிறது. பில் டைட்லா என்ற சித்திரக்காரர் கிரம்பிக்குக் கொடுத்த உயிர் இது. பின்னால் அவள் சவமாகக் கிடக்கும்போது இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவதைப் பார்த்து நமக்குத் தொண்டை அடைக்கிறதென்றால், இந்த நாலு அடி நடைதான் காரணம்.

டோப்பிக்குப் பேச்சே கிடையாது. தாடியும் இல்லை. வரிசையில் கடைசியாக வரும் அவன், காலடி தப்பியதும் ஒரு சின்னத் தாவு தாவி மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறான். ஃப்ராங்க் தாமஸ் என்ற இளைஞர் தாமாகவே சேர்த்த தாவல் அது. டிஸ்னிக்குப் பிடித்துப் போயிற்று. விளைவு, டோப்பியை வரைந்த மற்றவர்களும் அந்தத் தாவலைப் போட வேண்டி வந்தது. அவர்கள் மனத்துக்குள் என்ன வைதார்களோ!

இளவரசனைப் பற்றி ஒரு வரி போதும். மனித ஆணை நம்பும்படி வரைவது கடினமாயிருந்ததால் அவன் பங்கைச் சுருக்கிவிட்டார்கள்; மெழுகுபொம்மை மாதிரி வந்து மெழுகுபொம்மை மாதிரி போகிறான்.

இனி அந்தக் கசப்பு. ஸ்நோ ஒயிட் குள்ளர்களுக்குச் சூப்பு குடிக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சி ஒன்று உண்டு. ஆளுக்கொரு விதமாக உறிஞ்சுவார்கள். அவள் கரண்டியைப் பிடிக்கும் முறையைக் காட்டுவாள். வார்ட் கிம்பால் என்ற இளைஞர் பல மாதம் உழைத்துப் பென்சிலில் அசையும்படி வரைந்து முடித்திருந்தார். வேடிக்கையான காட்சி. 1956-ல் டிஸ்னியே அதைத் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காட்டினார். ஆனால் படத்தில் அது இல்லை. கதையின் ஓட்டத்தை நிறுத்துகிறது என்று எடுத்துவிட்டார்.

படத்தைப் பார்த்தால் நியாயம் விளங்குகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவும் காட்சி வருகிறது. ஒவ்வொருவனும் தண்ணீரைக் கண்டு நடந்துகொள்ளும் விதத்திலேயே ஏழு பேரும் நமக்குத் தெரிந்துவிடுகிறார்கள். மறுத்து நின்ற கிரம்பியைத் தொட்டியில் அமுக்குகிறார்கள். பிறகு ராணியின் பாதாள அறைக்குப் போய்விடுகிறோம். அவள் மருந்து குடித்துக் கிழவியாக மாறுகிறாள். திரும்பி வரும்போது இங்கே சாப்பாடு முடிந்து ஆட்டமும் பாட்டும் நடக்கிறது. அவர்கள் சூப்பு குடித்தார்களா என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. எனக்கு முதல் இரண்டு தடவையும் தோன்றவில்லை.

என்னுடைய தொடர்கதை ஒன்றில் நாலு சகோதரர்கள் கல்யாணப் பந்தியில் சாப்பிடும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. ஒருவன் பாயசத்தை இலையில் விட்டு வழித்து உண்பான், ஒருவன் டம்ளரில் கேட்பான், இப்படி. பத்திரிகை ஆசிரியர் என்னை நேரில் அழைத்து, “ஸார், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் சொத்துப் பிரிக்கும்போதே நாலு பேரையும் காட்டிவிட்டீர்களே?” என்றார். எனக்கு வந்த கோபத்தில், அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் கதையே இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பாவம், அவர் போட்டுவிட்டார். வாசகர்கள் சிலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அவற்றை அவருக்குக் காட்டவும் செய்தேன்!

அந்த நாவலின் அடுத்த பதிப்புக்குப் புரூஃப் வந்திருக்கிறது. பந்தி அத்தியாயத்தின் பதினோரு பக்கங்களைத் தனியே எடுத்து, குண்டூசி குத்தி, மேஜை ஓரத்தில் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். பாயசம் வருகிற இடம் என்னவோ இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அச்சகத்துப் பையன் வியாழக்கிழமை வருவான்.